செருப்புப் பை

இந்த வாரம் என் வலது கைச் சுட்டுவிரலைப் பற்றி எழுத வேண்டும். பல வாரங்களாகத் தள்ளிப்போட்டு வந்த அத்தியாயம் இது.

ஆவணி மாதத்து ஞாயிறு. ரூ பஜோல் என்ற தெருவில் இருந்து புறப்பட்ட பிள்ளையார் தேர், நான் நின்ற முனைக்கு வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. தெருவை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். கடைவாசல்களில் தேங்காய்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. காலையில் உடைத்த தேங்காய்களின் தண்ணீர் தார்ச்சாலையில் காய்ந்து, வெயிலில் புளித்து மணந்தது.

நான் தொண்டர்களுக்கான மஞ்சள் மேலங்கி போட்டிருந்தேன். கழுத்தில் விசில். கையில், நானே எழுதி அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையில் போட்ட பாதுகாப்புப் பட்டியல்.

பூட்டியிருந்த ஒரு கடையின் இரும்புக் கதவோரம் ஒரு கறுப்புப் பை இருந்தது. சிப் இழுத்து மூடிய, வயிறு புடைத்த விளையாட்டுப் பை. அதன் பக்கத்தில் ஒரு மனிதர். நாற்பதை நெருங்கும் வயது. தாடி. காலில் சப்பாத்து. தேர் வரும் திசையை அவர் பார்க்கவே இல்லை. பையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடியும் பையைப் பார்த்தார்.

நான் பட்டியலைப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்ற பொலிஸ்காரரிடம் போய், பிரெஞ்சில், பதறாத குரலில் சொன்னேன்: "அந்தப் பை. அந்த மனிதர்."

விரலை நீட்டினேன்.

மூன்று நிமிடத்தில் தெரு நின்றது. நாதஸ்வரம் நின்றது. தவில் மட்டும் விஷயம் தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு பொலிஸ்காரர் அவரைச் சூழ்ந்து கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். விரல்கள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "என்னுடையது இல்லை" என்று உடைந்த பிரெஞ்சில் இரண்டு தடவை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். மேலங்கியைப் பார்த்தார், நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்கோவன்" என்றார்.

அசல் யாழ்ப்பாணத் தமிழ்.

அந்த வருடத்துப் பயம்

அந்த வருடத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முந்தைய நவம்பரில் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் இந்த நகரத்தில் சுட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ரயில் நிலையத்திலும், யாரோ மறந்துவிட்ட பைகளைப் பற்றி ஒலிபெருக்கி எச்சரித்துக்கொண்டே இருந்தது.

புறநகரான லா கூர்னெவ்வில் ஒரு பொருட்கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் வீடு இருந்த லெ பிளாங்-மெனிலில் ரயில் ஏறியதும் என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கும். ஆளில்லாத பை ஏதும் உண்டா. வெயிலுக்குப் பொருந்தாத தடித்த உடுப்பு யாரும் போட்டிருக்கிறார்களா. ஒருநாள் தாடி வைத்த இளைஞன் ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஏறிய பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கோடையில் தேர் ஓடுமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஓடலாம், ஆனால் தொண்டர்களும் கண்காணிக்க வேண்டும் என்று முடிவாகியது. தொண்டர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அம்மாவைக் கடைத்தெருவில் கண்டு, "உங்கடை மகள் உதைத்தானே படிச்சவ? எங்களுக்கு ஒரு ஒழுங்கு எழுதித் தரச் சொல்லுங்கோவன்" என்று கேட்டிருக்கிறார்.

நான் படித்தது வேலையிடப் பாதுகாப்பு. ஈரத் தரை, உடைந்த ஏணி, பாரந்தூக்கும் வண்டி, இவைதான் எனக்குத் தெரியும். வெடிகுண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டியல் எழுதச் சொன்னால் எனக்கு மறுக்க வராது. ஏழு அம்சங்கள் எழுதினேன். தேங்காய் உடைக்கும் இடத்துக்கு முன்னால் குழந்தைகள் நிற்கக்கூடாது. கற்பூரச் சட்டி எடுப்பவர்களுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் வரவேண்டும். மூன்றாவது, உரியவர் இல்லாத பை. நான்காவதை எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது. எழுதியும் அழித்தும் கடைசியில் இப்படி வந்தது:

'விழாவுக்குத் தொடர்பில்லாதவர் போலத் தெரிபவர்.'

நாகரிகமாக எழுதிவிட்டதாக நினைத்தேன். தாடி என்ற சொல் அதில் இல்லை. தொண்டர்கள் எல்லோரும் வாசித்தார்கள். 'அப்படியென்றால் எப்படித் தெரிவார்?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

இருபதுக்குப் பதினொன்று

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. ஊரில் போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்ன வாரம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கடற்கரைத் துண்டுக்குள் அம்மாவின் தம்பி இருந்தார். அவரிடமிருந்து தகவல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஒரு பின்னேரம் அப்பா கதிரையில் ஏறி நின்று சாமிப் படங்களைக் கழற்றினார். பிள்ளையார், முருகன், லட்சுமி. மூன்றையும் அச்சு இயந்திரம் வந்த அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

"இனி இந்த வீட்டிலை சாமி வேண்டாம்" என்றார். "மதம் எண்டு ஒண்டு இல்லாட்டி மனுசன் மனுசனைக் கொல்லமாட்டான்."

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்கடை வீட்டிலை விழுந்த செல்லிலை எந்தச் சாமியின்ரை பேர் எழுதிக் கிடந்தது?"

"செல் அடிச்ச ஆமிக்காரனுக்குப் புத்த பிக்கு கையிலை நூல் கட்டித்தானே விட்டவர்?"

"நூல் கட்டாட்டி அடிச்சிருக்க மாட்டானோ?"

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, பெட்டியைத் தூக்கிச் சமையலறை அலமாரியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வருடத் தேரில் இருந்து, தம்பி திரும்பி வரவேண்டும் என்று கற்பூரச் சட்டி எடுக்கத் தொடங்கினார். தேருக்குப் பின்னால் வெறுங்காலுடன், எரியும் சட்டியைத் தலையில் வைத்து, கோயில் வாசல்வரை இறக்காமல் நடக்க வேண்டும். அதுதான் நேர்த்தி. அப்பா அந்தத் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

பள்ளியின் கடைசி வருடம் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். போர்களுக்கு மதம்தான் காரணமா? வகுப்பில் எல்லோரையும்விட எனக்கு இதில் கூடுதலாகத் தெரியும் என்று எனக்கு நம்பிக்கை. மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதினேன். ஆம், கடவுளுக்காக என்று சொல்லிக் கொன்றிருக்கிறார்கள். இல்லை, கடவுளே இல்லை என்று சொன்ன அரசுகளும் கொன்றிருக்கின்றன. ஆகவே இரண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு உதாரணங்கள். ஓரங்கள் நேராக இருந்தன.

இருபதுக்குப் பதினொன்று கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'ஒழுங்காக இருக்கிறது. இதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?'

எனக்குக் கோபம் வந்தது. நான் ஏன் இதில் நிற்க வேண்டும்?

பச்சை வார்

அந்த மனிதரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகுதான் பையைத் திறந்தார்கள். எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நிமிடங்கள் போயின. பிறகு ஒரு பொலிஸ்காரர் இரண்டு விரலால் எதையோ தூக்கிக் காட்டினார்.

செருப்பு. பச்சை வார் வைத்த பெண்களின் செருப்பு. அதற்குக் கீழே இன்னும் மூன்று சோடி, ஒரு தேநீர்க் குடுவை.

கூட்டத்தில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். அந்தப் பச்சை வாரைத் தினமும் எங்கள் வீட்டு வாசலில் பார்க்கிறேன்.

சட்டி எடுப்பவர்கள் வெறுங்காலுடன்தான் நடப்பார்கள். செருப்பை எல்லாம் ஒரு பையில் போட்டு, தெருவில் தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு வருடமும் நடப்பது. சின்ன வயதில் நானே அந்தப் பைக்குக் காவல் இருந்திருக்கிறேன். ஆனால் பட்டியல் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. கிடங்கில் பத்து வருடமாக வேலை செய்பவருக்குத் தரையில் உள்ள பள்ளம் கண்ணில் படாது. எனக்கும் அப்படித்தான்.

தேர் நின்ற இடத்துக்கு ஓடினேன். அம்மா சட்டியுடன் நின்றார். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் சின்னம்மாவும் அவருடைய இரண்டு மகள்களும்.

"அம்மா, செருப்பை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"கார்ட் விக்கிற தம்பியிட்டை. ஏன்?"

"எந்தத் தம்பி?"

"உந்த முனைக் கடையிலை ரெலிபோன் கார்ட் விக்கிறவர். கடை இண்டைக்குப் பூட்டு. ஆனாலும் நீங்கள் வருமட்டும் நான் இதிலை நிக்கிறன் அக்கா எண்டவர். சின்னம்மாவின்ரை பை நல்ல பெரிசு, எல்லாற்றையும் போட்டம். ஏன் பிள்ளை முகம் இப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீயோ காட்டினது?"

"ஓம்."

அம்மா தலையில் இருந்த சட்டியை இரு கைகளாலும் இறக்கி, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தார். ஏழு வருடமாக வாசலுக்கு முன்னால் ஒருமுறையும் இறக்காத சட்டி.

"அக்கா, நேர்த்தி!" என்றார் சின்னம்மா.

"பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். அவருக்கு வேறை என்ன வேலை? நட."

வெறுங்கால்

பொலிஸ் நிலையத்தின் வெள்ளைத் தரையில் அம்மாவின் பாதங்கள் கறுப்பாகப் பதிந்தன. தாரும் மஞ்சளும் தேங்காய்த் தண்ணீரும் சேர்ந்த அடையாளங்கள். அதை மறைப்பதற்காகக் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டே இருந்தார்.

இளம் பெண் அதிகாரி ஒருவர் எங்களை விசாரித்தார். பையில் என்ன இருந்தது என்று அம்மாவே சொல்ல வேண்டும். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"என்ரை பச்சை வார்ச் செருப்பு" என்றார் அம்மா. "பிள்ளையளின்ரை ரெண்டு சோடி. பிறகு இவளின்ரை குதி உயர்ந்தது. முழங்கால் நோ எண்டு வருசம் முழுக்க அழுவாள், போடுறது குதி உயர்ந்தது."

"இப்ப உதைச் சொல்லத்தான் வேணுமே?" என்றார் சின்னம்மா.

"அவ கேக்கிறா, நான் சொல்லுறன். பிள்ளை, அதையும் சொல்லு."

சொன்னேன். அதிகாரியின் வாயோரம் ஒரு நொடி சிரிப்பு வந்து போனது. பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார்.

பிடித்து வைத்திருப்பவரின் பெயர் நியாஸ். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை கொடுக்கிற தற்காலிகத் தாள்தான் அவரிடம் இருக்கிறது. அது போன வாரம் முடிந்துவிட்டது. புதுப்பிப்பதற்கு வருகிற வியாழக்கிழமை அலுவலகத்தில் நேரம் இருப்பதாகச் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் பையைப் பற்றிய சந்தேகம் தீராமல் அவரை விட முடியாது. கேட்டால், ஓர் அக்காவின் பை என்கிறார். அக்காவின் பெயர் தெரியாது என்கிறார்.

"உங்களுக்கு அவருடைய பெயர் தெரியுமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். பல வருடமாக அந்தக் கடையில்தான் கார்ட் வாங்குகிறார். பெயர் கேட்டதில்லை.

அவரை அடைத்து வைத்தால் வியாழக்கிழமை போய்விடும். வியாழக்கிழமை போனால் தாள் போய்விடும். தாள் போனால் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்கள் தெருவில் கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் இதை வரிசையாகத் தலைக்குள் எழுதினேன். வரிசையின் தொடக்கத்தில் என் விரல் இருந்தது.

"நீங்கள் பார்த்ததை எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்" என்றார் அதிகாரி. "அவரை ஏன் காட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள்."

'சந்தேகத்துக்கு இடமான நடத்தை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"என்ன நடத்தை?"

"பையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்."

"பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். வேறு?"

வேறு இல்லை. தாளில் பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதியிருந்தேன். 'பாதுகாப்புத் தொழில்நுட்பவியலாளர்.' இதை என் கிடங்கில் யாராவது வாசித்தால் என்று நினைத்தேன். பிறகு 'நடத்தை' என்று எழுதிய வரியை வெட்டி, கீழே எழுதினேன்: 'அவர் தாடி வைத்திருந்தார். சப்பாத்துப் போட்டிருந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. அதனால் காட்டினேன். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.'

அதிகாரி வாசித்தார். தாளை உள்ளே கொண்டுபோனார்.

காத்திருந்தோம். சுவரில் கடிகாரம் இருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அம்மா எழும்பினார், இருந்தார். அந்த நேரத்தில்தான், சின்னம்மா தொலைபேசியில் சொல்லி, அப்பா வந்தார், கையில் ஒரு பொலித்தீன் பையுடன். அம்மாவுக்கு வீட்டுச் செருப்பு. அப்பா குனிந்து செருப்பைக் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

எவடம்?

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு நியாஸ் வெளியே வந்தார். இடுப்புப் பட்டியும் சப்பாத்துக் கயிறுகளும் கையில் இருந்தன. உள்ளே போகும்போது கழற்றி வாங்கிவிடுவார்களாம். எங்களுக்கு எதிரே இருந்து கயிற்றைக் கோர்க்கத் தொடங்கினார்.

"தம்பி, மன்னிச்சுக்கொள்ளும். என்னாலைதான் எல்லாம்" என்றார் அம்மா.

"ஐயோ அக்கா, உங்கடை செருப்பு ஒண்டும் துலையேல்லை. நாலு சோடியும் பத்திரமாக் கிடக்கு."

நான் எழுந்து நின்றேன். "அண்ணை, காட்டினது நான்."

"தெரியும் தங்கச்சி. பாத்துக்கொண்டுதானே நிண்டனான்." கயிற்றை இழுத்தார். "உங்கடை கையிலை ஒரு மட்டை இருந்தது. அதைப் பாத்திட்டுத்தான் விரலை நீட்டினீங்கள். என்ன எழுதிக் கிடந்தது?"

"ஏழு விஷயம்."

"அதிலை நான் எத்தினையாவது?"

"நாலாவது."

"ம்" என்றார். முடிச்சை இறுக்கினார். அடுத்த சப்பாத்தை எடுத்தார்.

எங்கள் ஆட்கள் எவரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியை அப்பா கேட்டார்.

"தம்பி எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"சோனகத்தெரு."

அது முஸ்லிம்கள் வாழ்ந்த தெரு என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நியாஸ் சொல்லிக்கொண்டே போனார், குனிந்தபடியே, கயிற்றைக் கோர்த்தபடியே.

"தொண்ணூறாம் ஆண்டு. எனக்கு அப்ப பன்ரெண்டு வயது. முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேணும் எண்டு இயக்கப் பெடியள் அறிவிச்சவை. ரெண்டு மணித்தியாலத்திலை ஊரை விட்டுப் போகவேணும். ஆளுக்கு ஒரு பை. சந்தியிலை அந்தப் பையையும் துறந்து பாத்தவை. வாப்பா கேட்டவர், தம்பி, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள் எண்டு. பெடியன் வாப்பாவின்ரை முகத்தைப் பாக்கேல்லை." நிமிர்ந்தார். "பிறகு புத்தளத்திலை அகதி முகாம். பிறகு இஞ்சை. சரி அக்கா, நான் வாறன். காலமைக்குக் கடை துறக்கவேணும்."

சோனகத்தெரு என்ற பெயர் என் பாடப் புத்தகத்தில் இல்லை, எங்கள் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. எங்களை விரட்டியவர்களைப் பற்றி நூறு தடவை கேட்டிருக்கிறேன். நாங்கள் விரட்டியவர்களைப் பற்றி அன்றுதான் முதல்தடவை கேட்டேன்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தார். வெளியே இன்னும் நல்ல வெயில்.

"அண்டைக்கு நான் அந்தச் சந்தியிலை நிண்டனான்" என்றார் திடீரென்று. "சைக்கிளோடை."

அம்மா அவரைப் பார்த்தார். இது அவருக்கும் புதிது.

"சனம் வரிசையிலை போகுது. ஒரு பொம்பிளை தையல் மெசினைத் தலையிலை வைச்சுக்கொண்டு வந்தவ. இறக்கி வைக்கச் சொன்னவங்கள்." "அதிலை நிண்ட பெடியள் ஒருத்தனும் கோயிலுக்குப் போறவன் இல்லை. எனக்குத் தெரிஞ்சவங்கள். சாமி கும்பிடுறவையைப் பாத்துச் சிரிக்கிறவங்கள்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள் அப்பா?"

"சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு சொன்னன்தானே."

மரம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடந்தால் காரண மரம் வரைய வேண்டும். நடந்ததைத் தாளின் ஓர் ஓரத்தில் எழுதி, இது நடக்க எது தேவைப்பட்டது, அது நடக்க எது தேவைப்பட்டது என்று பின்னோக்கிக் கிளை விட வேண்டும். கருத்து எழுதக்கூடாது. 'அவன் கவனமில்லாதவன்' என்பது கருத்து. 'தரை ஈரமாக இருந்தது' என்பது தரவு. வரைந்து முடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் மறைத்துப் பார்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் விபத்து நடந்திருக்குமா?

திங்கட்கிழமை மதியம், கிடங்கின் உணவறையில், ஒரு விநியோகத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். ஓரத்தில், 'நியாஸ் கொண்டுபோகப்பட்டார்.'

மதம் வந்தது. ஒரு தடவை அல்ல. அம்மா நேர்த்திக்காக வெறுங்காலுடன் நடந்தார், அதனால் பை. நியாஸ் தொழுகிறவர், அதனால் தாடி. நவம்பரில் சுட்டவர்கள் கடவுள் பெயரைச் சொன்னார்கள், அதனால் பயம். அந்த மூன்று பெட்டிகளில் ஒன்றைக்கூட என்னால் அழிக்க முடியவில்லை. மதத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, என் பட்டியலின் நான்காவது அம்சத்தை மட்டும் கையால் மறைத்துப் பார்த்தேன். நானோ வேறு தொண்டரோ அவரிடம் போய், 'அண்ணை, இது ஆற்றை பை?' என்று கேட்டிருப்போம். அவர் சொல்லியிருப்பார். தேர் நிற்காது.

சோனகத்தெருவுக்கும் ஒரு மரம் வரைய முயன்றேன். அதில் சாமி எந்தப் பெட்டியிலும் வரவில்லை. ஆனால் யாரை அனுப்புவது என்று பிரித்தது மதத்தின் பெயரால்தான். அனுப்பியவர்களுக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை. பெயர்ப் பிரிவு போதுமாக இருந்தது. என் பட்டியலுக்கும் அதுவே போதுமாக இருந்தது. உலகத்துப் போர்களைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது. அந்தத் தாளில் நான் நிற்கிற பெட்டி எது என்று தெரியும். அதைக் காட்ட அந்தத் தத்துவ ஆசிரியரைத் தேட வேண்டும் என்று நினைத்தேன். தேடவில்லை.

வியாழக்கிழமை நியாஸுக்குத் தாள் புதுப்பிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு. கார்ட் வாங்கப் போன அம்மா கேட்டுக்கொண்டு வந்தார். அதுவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம்

அடுத்த வருடத் தேருக்குப் பட்டியலைத் திருத்தினேன். நான்காவதை எடுத்தேன். அந்த இடத்தில், செருப்புப் பைகளுக்கு என்று ஒரு மேசை, இலக்கம் எழுதிய துண்டுகள், இரண்டு தொண்டர்கள். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மா அந்த மேசைக்குப் போகவில்லை. காலையிலேயே முனைக் கடைக்குப் போய்விட்டார். சிறிது நேரத்தில் என் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, ஒருக்கா இஞ்சை வா. தம்பி பையை வாங்கமாட்டாராம்."

போனேன். கடை பாதி திறந்திருந்தது. நியாஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அதே தாடி. அதே கறுப்புப் பை தரையில் இருந்தது. எதிர்ப்பக்கம், மூன்று பொலிஸ்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்கமாட்டன் எண்டில்லை அக்கா" என்றார் நியாஸ். "மகள் வரட்டும் எண்டனான்." என்னைப் பார்த்தார். "தங்கச்சி, துறந்து பாருங்கோ."

"வேண்டாம் அண்ணை. அம்மாவின்ரை பை எண்டு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். துறந்து பாருங்கோ."

திறந்தால் அவரை இன்னொரு தடவை சோதித்தது போல ஆகும் என்று தயங்கினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் பாக்காமல் நான் வாங்கினால், பிறகு பின்னேரமட்டும் எனக்குக் கை நடுங்கும்."

மண்டியிட்டேன். தெரு ஈரமாக இருந்தது. சிப்பை இழுத்தேன். நான்கு சோடி. மேலே அம்மாவின் பச்சை வார். இந்த வருடம் குடுவை இல்லை.

"செருப்பு" என்றேன்.

"எனக்கில்லை தங்கச்சி" என்றார். "அங்காலை சொல்லுங்கோ. பிரெஞ்சிலை."

எழுந்து, மேலங்கியுடன், பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் அம்மாவின் பை, உள்ளே செருப்புகள், இந்த மனிதர் எங்களுக்காக வைத்திருக்கிறார். பொலிஸ்காரரில் ஒருவர் தலையசைத்தார்.

அதன் பிறகுதான் நியாஸ் குனிந்து பையை எடுத்தார். சிப்பை மூடாமல், பையின் வாய் திறந்தபடியே தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.